முதல் எடைக்கு லாபம் என்று பேர்

முப்பத்திரண்டு விவசாயிகளின் மாங்காய் எடையை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை தலையில் வைத்திருந்து ஒப்பிக்கக்கூடியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாலசமுத்திரம் பக்கம் ஒரு சாண் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறித்து, கூடை தூக்கி, தராசுக்குப் பக்கத்தில் நின்று, கடைசியில் பங்காருபாளையத்தில் சொந்தமாக மண்டி போட்டேன். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் வந்தன. நம் ஊர் பெங்களூரா ரக மாங்காய் டப்பாவில் அடைபட்டுக் கப்பல் ஏறிப் போக ஆரம்பித்தது. அந்த ஃபேக்டரிகளின் வாசலில் முதலில் நின்ற லாரிகளில் என்னுடையதும் ஒன்று. அப்படிப்பட்ட என்னை என் மருமகள் எழுதிய நாற்பது வரி ஒரு பகல் முழுக்கத் திக்குமுக்காட வைத்தது. அன்று என்ன நடந்தது என்பது இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட வரைக்கும் எழுதுகிறேன்.

நான் மாங்காய் போடும் ஃபேக்டரியில் அந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்தது. லாரி வாசலுக்கு வரும் முன்னே அதன் விவரம் கம்ப்யூட்டர் வழியாக வந்து சேர வேண்டும். எத்தனை எடைச் சீட்டு, யார் தோப்புக் காய், எவ்வளவு எடை என்று எல்லாம். பிறகு லாரியை அவர்கள் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். விவரமும் லாரியும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு தப்பு. ஒரு சீசனில் இரண்டு தப்பு வந்தால் மண்டிக்காரனின் கோடு, அதாவது ஃபேக்டரி அவனுக்குக் கொடுத்த நம்பர், வெட்டப்படும். கோடு போய்விட்டால் முப்பத்திரண்டு பேருடைய பழுத்த காயை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பெங்களூரா பழுத்துவிட்டால் லாரியில் இரண்டு நாள் தாங்காது. அடியில் இருப்பது நசுங்கிச் சாறாக ஒழுக ஆரம்பித்துவிடும்.

என் மருமகள் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பெண். திருப்பதியில் படித்தவள். என் மகனும் அவளும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். உகாதிக்கு வந்தபோது இந்தச் சட்டத்தைச் சொன்னேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கேயே நாற்பது வரி எழுதிக் கொடுத்தாள்.

"மாமா, உங்க போன்ல ஒரு ஷீட் கீது. சீட்டு நம்பர், பேரு, எடை. நீங்க நிரப்பினா போதும். என் பைத்தான் ஸ்கிரிப்ட் அத்த எடுத்து ஜேசானா மாத்தி அவங்களுக்கு அனுப்பிடும்."

"ஜேசானா? அது யாரும்மா?"

"ஆள் இல்ல மாமா. அது ஒரு கட்டுமுறை. மூட்டை கட்டற மாதிரி. நாம கட்டி அனுப்பறோம், அவங்க அவுத்துப் பாக்கறாங்க. கட்டறதுக்கு என்கோட், அவுக்கறதுக்கு டிகோட்."

திரையைக் காட்டினாள். மீசை மாதிரி வளைந்த அடைப்புக்குறி ஒன்று திறந்தது. உள்ளே மேலே இரண்டு கொம்பு வைத்த சொற்கள், ஒரு முக்காற்புள்ளி, ஓர் எண். கடைசியில் இன்னொரு மீசை மூடியது. இதிலே ஒரு மாங்காய்கூட எனக்குத் தெரியவில்லை. கட்டுவதற்கு டம்ப்ஸ், அவிழ்ப்பதற்கு லோட்ஸ் என்று இரண்டு சொல் இருந்தது. லாரித் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன். லோடு ஏற்றித்தான் அனுப்புவோம். டம்ப் செய்வது போய்ச் சேர்ந்த இடத்தில். இவள் தலைகீழாக வைத்திருக்கிறாளே என்று கேட்டேன்.

"அத்த நான் வைக்கல மாமா. அவங்களே அப்பிடித்தான் வெச்சிருக்காங்க."

எவங்க என்று கேட்கவில்லை. புரிந்தது என்று தலையாட்டினேன். அங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது.

முதல் லாரி போனது. ஒற்றை விரலால் நானே எல்லாவற்றையும் அடித்து அனுப்பினேன். எட்டு சீட்டு. ஃபேக்டரி வாசலில் கேட்டுக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஏழு சீட்டுதான் வந்திருக்கிறது என்றார். ஒரு டன்னுக்கு மேல் கணக்கில் இல்லாத காய் லாரியில் இருக்கிறது, அது யாருடையது, எங்கிருந்து கலந்தீர்கள் என்று கேள்வி. முதலில் காய் கொண்டுவந்த விவசாயியின் சீட்டு மட்டும் காணோம். கெஞ்சிக் கூத்தாடியதில் லாரியை உள்ளே விட்டார்கள். ஆனால் என் கோடு மேல் ஒரு தப்பு விழுந்துவிட்டது.

மறுநாள் காலை அடுத்த லாரியில் காய் ஏற்றியாயிற்று, அன்றும் எட்டு சீட்டு. மறுபடி அதேதான் நடந்தால் கோடு போய்விடும். மருமகளுக்குப் போன் போட்டேன். ஆபீசில் லேப்டாப்போடு மாடிப்படி பக்கம் வந்து பேசினாள்.

"கட்டினது நீ. அவுத்தது அவன். நடுவுல ஒரு டன்ன எவன் தூக்கிக்கினு போனான்?" என்று கேட்டேன்.

"இருங்க மாமா, பாக்கறேன்." லேப்டாப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. "மொத வரியில சீட்டு நம்பர் எடத்துல இன்னா போட்டீங்க?"

"லாபம்னு போட்டேன்."

"நம்பர் போடற எடத்துலயா?"

"நம்பர்தானம்மா அது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் அளவை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். தெலுங்குக்காரர்களும் அப்படித்தான். என் மண்டியில் அன்றன்றைய முதல் எடைச் சீட்டின் தலையில் லாபம் என்று எழுதுவேன். அதற்கு அடுத்தது இரண்டு. அதை எண் இல்லை என்று சொன்ன முதல் ஜீவன் அந்த ஃபேக்டரிக் கம்ப்யூட்டர்தான்.

"எங்க வூட்லயும் நெல்லு அளக்கறப்ப சொல்லுவாங்க மாமா. நான் மறந்தே பூட்டேன். அங்க அவுக்கறப்ப நம்பர் இருக்கவேண்டிய எடத்துல சொல்லு வந்ததும், அந்தச் சீட்டையே தள்ளி வுட்டுட்டிருக்கு. நீங்க ஒண்ணுன்னு போட்டுடுங்க."

"நாப்பது வருசமா மொத எடைக்கு அந்தச் சொல்லு என் வாயில வந்ததில்ல. வெரல்ல மட்டும் வருமா?"

"சரி, வுடுங்க. நானே மாத்திக்கிறேன். இங்கிருந்து போறப்ப லாபத்த ஒண்ணாக்கிடறேன். அங்கிருந்து பதில் வர்றப்ப ஒண்ண லாபமாக்கிடறேன். உங்க கண்ணுக்கு உங்க கணக்கு, அவங்க கண்ணுக்கு அவங்க கணக்கு. ஆயிடுச்சி. மீட்டிங் கீது மாமா, வெச்சிடறேன்."

விவரத்தை அடித்து அனுப்பினேன், லாரி கிளம்பியது. நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பலமனேர்க்காரன், என்னை நைனா, அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுவான். ஃபேக்டரி வாசலில் வரிசையில் நின்றதும் போன் கிணுக்கென்றது. பதில் வந்துவிட்டது. எட்டு சீட்டும் ஏற்கப்பட்டன. நிம்மதியாக மூச்சு விட்டேன். கீழே பார்த்தேன்.

எடை: லாபம்லாபம் டன்.
டோக்கன்: லாபம்4லாபம்.
கேட்: லாபம்.

"பாத்தியாடா? நேத்து என்னை மதிக்காத மெசினு இன்னிக்கு லாபம் லாபம்னு கும்புடு போடுது" என்றேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "டோக்கன் நம்பரு இன்னா நைனா?"

"அதான் போட்டுக்கிதே. லாபம் நாலு லாபம்."

"அப்பிடின்னா எத்தினி?"

"கூப்புடுவாங்க, அப்பப் போலாம். தலைய நீட்டாத, வெயிலு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது ஒரு நம்பராகவே படவில்லை. ஏதோ நல்ல வார்த்தை, பழைய மண்டிக்காரனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். லாரி நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். வாசலில் இருந்த மைக் தெலுங்கில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டது. எங்களுக்கு முன்னால் நின்ற லாரி உள்ளே போனது. மைக் மறுபடியும் பேசியது.

"நூட்ட நலபை ஒக்கட்டி! நூட்ட நலபை ஒக்கட்டி எவரு?"

நூற்று நாற்பத்தொன்று. யாரும் அசையவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற டிராக்டர்க்காரன் ஹாரனை அமுக்கினான்.

"எவன்டா அது? துன்னுட்டுத் தூங்கினு கிறானா?" என்று அவன் கத்தினான்.

"சோம்பேறிப் பசங்க," என்று நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன். "இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு மண்டி? நான்லாம் தொழிலுக்கு வந்தப்ப கூப்புடறதுக்கு முன்னாடியே கேட்டுல நிப்பேன்."

மூன்றாம் தடவை கூப்பிட்டு விட்டுவிட்டார்கள். அடுத்து நூற்று நாற்பத்திரண்டு. டிராக்டர்க்காரன் எங்களைச் சுற்றி வளைத்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

டிரைவர் எழுந்து நின்றான். விரலை மடக்கினான், நீட்டினான்.

"நைனா. நமக்கு முன்னாடி போனது நூத்தி நாப்பது."

"ஆமா."

"பின்னாடி நின்னவன் நூத்தி நாப்பத்திரண்டு."

"ஆமாடா, அதுக்கென்ன?"

அவன் என் போனைக் கையால் காட்டினான். போனை எடுத்து மறுபடி பார்த்தேன். லாபம், நாலு, லாபம். ஒன்று, நாலு, ஒன்று. அந்தச் சோம்பேறி நான்தான்.

கேட்டுக்காரரிடம் ஓடினேன். கண்ணாடி போட்ட, என் மகன் வயசுக்காரர். போன நம்பர் போனதுதான் என்றார். கம்ப்யூட்டரில் நூற்று நாற்பத்தொன்றுக்கு எதிரே ஆள் வரவில்லை என்று விழுந்துவிட்டதாம். அதுவும் ஒரு தப்புதானாம், எனக்கு இரண்டாவது. சாயங்காலம் கேட் மூடும்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடும், அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

மருமகளுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பதிலைப் படித்துக் காட்டினேன். அவள் "அய்யய்யோ" என்றாள்.

"சீட்டு நம்பர்ல மட்டும் மாத்தச் சொல்லியிருக்கணும் மாமா. அவசரத்துல, வர்ற மூட்டையில ஒண்ணு எங்க இருந்தாலும் லாபம்னு மாத்தச் சொல்லிட்டேன். அவுத்துட்டு மாத்தியிருக்கணும், அவுக்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்."

"இப்ப சரி பண்ணி இன்னொரு வாட்டி அனுப்பேன்."

"முடியாது மாமா. அதே லாரி ரெண்டாவது வாட்டி வந்தா அவங்க கம்ப்யூட்டர் எடுத்துக்காது. என் தப்புதான். நீங்க கேட்டுலயே பேசிப் பாருங்க."

அவுத்துட்டு மாத்துவது, மாத்திட்டு அவுப்பது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. லாரியின் அடிப்பலகை இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் இன்னொன்று.

மறுபடி கேட்டுக்குப் போனேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏன்ட்டி இதி, பெத்தாயனா?" என்று கேட்டார். என்ன இது பெரியவரே என்று அர்த்தம்.

எனக்கு விளக்கத் தெரியவில்லை. மூட்டை என்றேன், மீசை என்றேன், என் மருமகள் என்றேன், பைத்தான் என்றால் மலைப்பாம்பாமே, அதைக்கூடச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் சட்டைப்பையிலிருந்து எடைச் சீட்டுக் கட்டை எடுத்து அவர் மேஜைமேல் போட்டேன். என் கையெழுத்தில் எட்டு சீட்டு. மேலே இருந்த சீட்டைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இன்னொரு முறை சீட்டைப் பார்த்தார்.

"லாபமா? எங்க நைனா வடைக்கடையில மொத வடையப் போடறப்ப இதத்தான் சொல்லுவாரு." தமிழிலேயே சொன்னார். சிரிக்கவில்லை. "இத்த கம்ப்யூட்டர்ல போட்ட புண்ணியவான் யாரு?"

"நான்தான்."

"நல்லா போட்ட."

நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் வரவில்லை. அந்த அரை மணியில் எட்டு விவசாயிகளுக்கும் போய் என்ன சொல்வது என்று எட்டு விதமாக யோசித்தேன். வந்தவர் மேலதிகாரி ஒருவரைக் கூடவே அழைத்துவந்தார். அந்த மனிதர் என் சீட்டுக் கட்டை ஒரு பார்வை பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ அழித்தார், எதையோ அடித்தார், போய்விட்டார்.

"கடைசி வண்டியா போ. மூடறதுக்கு முன்னாடி மேடையில ஏறிடு" என்றார் கேட்டுக்காரர்.

"தப்பு?"

"எடுத்தாச்சு. ஓடு."

எல்லா வண்டியும் போன பிறகு எங்கள் லாரி மேடையில் ஏறியது. எடையும் விவரமும் ஒத்துப்போயிற்று. வாசலில் நின்றபோது ஒழுகின சாறு எப்படிக் கணக்கில் வராமல் போனது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு ரசீது கொடுத்தார்கள். டிரைவரைப் படிக்கச் சொன்னேன். அவனும் என்னைப்போல மூன்றாம் வகுப்புதான். படம் பிடித்து மருமகளுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "எட்டு சீட்டும் கீது மாமா. கோடும் பத்திரமா கீது. வூட்டுக்குப் போங்க."

"நெஜமா எட்டா? இல்ல உன் ஸ்கிரிப்டு எட்டுன்னு மாத்திக் காட்டுதா?"

"இது என் வழியா வரல மாமா. அவங்க அச்சடிச்சது."

"அப்ப சரி" என்றேன்.

வீட்டுக்குப் போகவில்லை. லாரியின் பின்கதவைத் திறந்து, காயெல்லாம் கழுவும் தொட்டித் தண்ணீரில் சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிக் காய் விழுந்து மிதந்த பிறகும் ஒருமுறை லாரிக்குள் ஏறி, ஒரு காயும் மிஞ்சவில்லையே என்று தரையில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.