பள்ளிபாளையத்தில் ஒரு சுவிட்ச் மாட்டினார்கள்

பள்ளிபாளையத்தில் என் தங்கை கணவர் செந்தில் நடத்தும் பெட்ஷீட் டிசைன் ஆபீஸில், இன்று மதியம் முதல் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் ஃபைல் அனுப்புகின்றன. தகவல் சொன்னவர் அங்கே டிசைன் போடும் கவிதா. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.

நேற்று வரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிரிண்டிங் மெஷினுக்கு ஃபைல் அனுப்புபவர், “நான் உடறேன், யாரும் தொடாதீங்க” என்று குரல் கொடுப்பார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இருவர் சேர்ந்து அனுப்பினால் இரண்டுமே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இன்று புது ஆர்டருக்கான சாம்பிள் துணிகள் மாலை லாரியில் ஏறியாக வேண்டும். தவறினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அவசரத்தில் எல்லோரும் ஒன்றாக அனுப்பியதால், காலையில் ஒரு டிசைன்கூட மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. செந்தில் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“இன்டர்நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கண்ணா,” என்றார் கவிதா. “எல்லாக் கம்ப்யூட்டரையும் மெஷினோட சேக்கற நம்ம பழைய ஹப்பு பொட்டி, லாரி ஆபீஸ் மைக்காட்டம். ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியத எல்லாருக்கும் கத்துது. அதுக்குப் பதிலா சுவிட்சுன்னு ஒரு பொட்டி இருக்குது, அது அந்த டிரைவருக்கு மட்டும் போன் போடற மாதிரிங்க.”

“இத ஏம்மா முன்னயே சொல்லல?”

“போன வருசமே சொன்னேனுங்க. நீங்க ரூட்டர மாத்துனீங்க.”

செந்தில் பைக்கை எடுத்தார். பாலம் தாண்டி ஈரோட்டில் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டியதும், எல்லோரும் ஒன்றாக அனுப்பினார்கள். எதுவும் நிற்கவில்லை. மெஷின் துணியை இழுக்கத் தொடங்கியபோது நானே கைதட்டிவிட்டேன்.

சாம்பிள்கள் லாரியில் ஏறிவிட்டன. ஆர்டர் உறுதியா என்பது திங்கள்கிழமை தெரியும். அதுவரை செந்தில் எல்லோருக்கும் போன் போட்டு சுவிட்ச் பாடம் நடத்துவார். ஏற்கெனவே அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.