அஞ்சு ஃபானும் ஒரே வேகத்தில ஓடவேணும் எண்ட மனுசன்

ரெண்டு கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, பின்னேரம் ரெண்டரை மணி. என்ர தமிழ் வகுப்பு துவங்கி அஞ்சு நிமிசம்கூட ஆகேல்லை. ஜேர்மனியில இருக்கிற ஏழு வயசுக்காரன் ஒருத்தன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், உங்கட வீட்டுக்கு மேல ஹெலிகொப்டர் நிக்குதோ?"

கொம்பியூட்டரில எட்டுக் கட்டத்துக்குள்ள எட்டு முகம். எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். நானும் சிரிச்சன். ஒரு கட்டம் மட்டும் டக்கெண்டு கறுப்பாய்ப் போச்சு. நோர்வேயில இருக்கிற ஆரணியின்ர கட்டம்.

கரண்ட் நிண்டுட்டுதாக்கும் எண்டு நினைச்சன். நோர்வேயில கரண்ட் நிக்குமோ? யாழ்ப்பாணத்துத் தீவில, சரவணை ஊரில இருந்துகொண்டு வேற என்னத்தை நினைக்கிறது!

ஹெலிகொப்டரும் இல்லை, ஒண்டும் இல்லை. சத்தம் வந்தது மேசைக்குக் கீழ இருந்து.

லண்டனில இருக்கிற என்ர தம்பி, தன்ர மகன் கேம் விளையாடின பழைய கொம்பியூட்டரை எனக்கு அனுப்பி வைச்சவன். பழசெண்டாலும் லேசுப்பட்ட சாமான் இல்லை. உள்ளுக்கு அஞ்சு ஃபான்! முன்னுக்கு மூண்டு, பின்னுக்கு ஒண்டு, மேல ஒண்டு. முன்னுக்கு இருக்கிறது குளிர்காத்தை இழுக்குமாம், மற்றது சூட்டை வெளியில தள்ளுமாம். எங்கட வீட்டு ஹோலில மனுசருக்கே ஒரு ஃபான்தான்.

வந்த நேரம் அஞ்சும் முழு வேகத்தில ஓடினது. சோளகக் காத்துக்கு ஓலைவேலி அடிக்கிற மாதிரி ஒரே இரைச்சல். "டீச்சர் புயலுக்குள்ள இருந்து படிப்பிக்கிறா" எண்டு பிள்ளையள் பகிடி பண்ணத் துவங்கீட்டுதுகள். ஃபானை நிப்பாட்டிப் பாத்தன். பத்து நிமிசத்தில கொம்பியூட்டர் கொதிச்சு, தானாய் நிண்டு போச்சு.

அப்பதான் இவர் பொறுப்பெடுத்தார்.

'இவர்' எண்டா என்ர மனுசன். இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவைக்கு ஆளைத் தெரியும். புதுசாய் வந்தவைக்கு ஒரு வரி: குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில ஓடுற படகில இருபத்தாறு வருசம் எஞ்சின் பாத்தவர். முழங்கால் நோ வந்து வீட்டில நிக்கிறார். எஞ்சின் இல்லாமல் ஆளுக்குக் கை கால் ஓடுறேல்லை. அஞ்சு ஃபானைக் கண்டா விடுவாரோ?

தம்பி வட்ஸ்அப்பில ஒரு சொஃப்ட்வெயாரைக் காட்டிக் குடுத்தான். ஒவ்வொரு ஃபானுக்கும் ஒரு கோடு. கோட்டை இழுத்தா வேகம் குறையும், தள்ளினாக் கூடும். இவ்வளவுதான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, அஞ்சையும் நிமிசத்துக்குத் தொள்ளாயிரம் சுத்தில கொண்டுவந்து நிப்பாட்டினார்.

"ஏன் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு?" எண்டு கேட்டன்.

"இஞ்சாரும், ரெண்டு எஞ்சின் படகில ஒண்டு கூட, ஒண்டு குறைய ஓடினா என்ன நடக்கும்? படகு ஒரு பக்கம் இழுக்கும். எல்லாம் ஒத்து ஓடவேணும். உமக்கு உது விளங்காது."

எனக்கு விளங்கினது ஒண்டுதான். இரைச்சல் போச்சு, ஆனா புதுசாய் ஒரு சத்தம் வந்திட்டுது. ஊம்... ஊம்... ஊம்... விட்டு விட்டு. கூடுறதும் குறையிறதுமாய். அதைத்தான் அந்தப் பெடியன் ஹெலிகொப்டர் எண்டவன்.

"அது நல்ல சத்தம். ஒத்து ஓடப் பாக்கிறதுகள் ஒண்டோட ஒண்டு கதைக்குதுகள்" எண்டார் இவர். பெருமை வேற!

அடுத்த நாள் ஆரணியின்ர தாய் சுபா போன் எடுத்தா.

"டீச்சர், ஆரணி இனி வகுப்புக்கு வரமாட்டா. சனிக்கிழமையில நீச்சல் வகுப்பு இருக்கு."

ஆரணி வரேக்க 'அம்மா'வைத் தவிர ஒரு தமிழ்ச் சொல் தெரியாத பிள்ளை. இப்ப "டீச்சர், எனக்கு விளங்கேல்லை" எண்டு சொல்லுவாள். விளங்கேல்லை எண்டதையே தமிழில சொல்லுற அளவுக்கு வந்திட்டாள்! அந்தப் பிள்ளையை எப்பிடி விடுறது?

"நேரத்தை மாத்துவம் பிள்ளை" எண்டன். அப்பதான் சுபா மெதுவாய்ச் சொன்னா.

"நீச்சல் இல்லை டீச்சர். அந்தச் சத்தம்... நான் குசினியில நிண்டனான். கையில இருந்த கோப்பை விழுந்து உடைஞ்சிட்டுது. கை நடுங்குது. ஆரணி வந்து பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

சுபா எங்கட தீவில, அல்லைப்பிட்டி ஊர்ப் பிள்ளை. சண்டைக் காலத்தில, ஹெலிகொப்டர் மேல நிண்டு சுடேக்க இஞ்ச இருந்தவை ஆருக்கும் அதுக்கு மேல ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

"மகளின்ர காதில ஹெட்போனைப் போட்டுவிடுமன்" எண்டன்.

"போடலாம். ஆனா அது அவளின்ர காதுக்குள்ள கேட்டுக்கொண்டிருக்கெண்டு எனக்குத் தெரியுமே டீச்சர். அவளுக்கு நான் ஒண்டும் சொன்னதில்லை. சொல்ல விருப்பமும் இல்லை. தாய் நடுங்கிறதைப் பிள்ளை ஏன் பாக்கவேணும்?"

போனை வைச்சிட்டு வந்து இவரிட்டச் சொன்னன். கொஞ்சம் கோவமாய்த்தான் சொன்னனான். "உங்கட நல்ல சத்தம் ஒரு பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்டிப்போட்டுது!"

மனுசன் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போனார். பாத்தா, கொம்பியூட்டரின்ர பக்கத் தகட்டைக் கழட்டிப்போட்டு, கதிரையைக் கிட்ட இழுத்து, காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறார்.

ஒண்டை மட்டும் ஓடவிட்டார். ஊம் இல்லை. ரெண்டாவதை ஓடவிட்டார். வந்திட்டுது ஊம்! படகிலயும் இப்பிடி வாறதாம். எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு ரெண்டையும் சரியாய் ஒத்துவரப் பண்ணினா நிண்டிடுமாம். எண்டபடியால் ஒத்துவரப் பண்ண வெளிக்கிட்டார். ரெண்டு நாள்! தொள்ளாயிரம் எண்டு வைச்சா ஒண்டு எண்ணூற்றித் தொண்ணூற்றெட்டில நிக்கும், மற்றது தொள்ளாயிரத்தி நாலில நிக்கும். திருத்தினா ஊம் இல்லாமல் போகும். அப்பாடா எண்டு நிமிர முதல் திரும்ப வரும்.

தம்பி போனில சிரிச்சான். "அத்தான், ஒரே வேகம் எண்டு வைச்சாலும் அதுகள் ஒரே வேகத்தில ஓடாது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் ஊம் எண்டுது. நல்லா விலத்தி விலத்தி விடுங்கோ. ஒண்டை ஒண்டு பிடிக்க ஏலாத தூரத்தில."

"ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேகத்திலயோ? உதென்ன விசர்க் கதை!"

என்ர மனுசனுக்கு அது எவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருசமாய்க் காதாலயும் கையாலயும் செய்த வேலைக்கு நேர் எதிர் வேலை. வியாழக்கிழமை காலமை முழுக்க முற்றத்தில நடந்தார். பிறகு வந்து இருந்து, முன்னுக்கு இருந்த மூண்டையும் ஐந்நூற்றைம்பது, எழுநூறு, எண்ணூற்றைம்பது எண்டு விட்டார். பின்னுக்கு இருந்ததை ஆயிரத்தில விட்டார். மேல இருந்தது சூடு ஏறினா மட்டும் எழும்பும்படி வைச்சார்.

ஊம் போயிட்டுது! மெல்லிசாய் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும். அதையும் காதை வைச்சால்தான் கேக்கலாம்.

எனக்கு அப்ப சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருசமாய் நாங்கள் ரெண்டுபேரும் ஒரே வேகத்தில நடக்கப் பாத்த நாளிலதான் இந்த வீட்டில சத்தம் வந்திருக்கு. அவர் விடிய நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைச்சு, நான் ஆறரைக்கு எழும்பி அந்த ஆறின தேத்தண்ணியைக் குடிச்ச நாளெல்லாம் சமாதானம்தான். உங்கட வீட்டில எப்பிடி? சும்மா சொல்லாதேங்கோ!

போன சனிக்கிழமை ஒண்டரைக்கே சுபாவுக்கு எடுத்தன். "பிள்ளை, வகுப்புக்கு முதல் நீர் மட்டும் ஒருக்கால் வாரும். ரெண்டு நிமிசம் கேளும். ஏலாட்டி வைச்சிடும், நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

ரெண்டு இருவதுக்கு வந்தா. முகம் இல்லை, கறுப்புக் கட்டம் மட்டும். நான் ஒண்டும் கதைக்கேல்லை. இவர் எனக்குப் பின்னால கதிரையில, மூச்சுக்கூட விடாமல். உந்த வெக்கையில ஃபான் மெதுவாய் ஓடவேணுமெண்டால் அறைக்குள்ள காத்து வரவேணும். அதால யன்னலை அகலத் திறந்து வைச்சிருந்தார்.

அரை நிமிசம் போச்சு. ஒரு நிமிசம் போச்சு. எனக்கு நெஞ்சு அடிக்கிறது மைக்கில கேக்குமோ எண்டு பயமாய்க் கிடந்தது.

"கா!"

யன்னல் விளிம்பில ஒரு காகம். "கா! கா! கா!" எண்டு தொண்டை கிழியக் கத்துது. என்ர அம்மாளாச்சி! ஒரு கிழமை பாடுபட்டு ஒரு சத்தத்தை அடக்கி வைச்சால், இது எங்க இருந்து வந்தது? இவர் முழங்கால் நோவையும் மறந்து துள்ளி எழும்பித் கூட்டுற தும்புத்தடியைத் தூக்கினார்.

"அண்ணை, அதைக் கலைக்காதேங்கோ!"

சுபாவின்ர குரல். கறுப்புக் கட்டம் வெளிச்சமாகிச்சுது. கண்ணைத் துடைச்சுக்கொண்டு சுபா. எப்ப வந்தாளோ, அவவின்ர தோளில சாஞ்சுகொண்டு ஆரணி.

"கத்தட்டும் அண்ணை. எங்கட ஊர்க் காகம். கொஞ்ச நேரம் கத்தட்டும்."

"அம்மா, அது என்ன?" எண்டு ஆரணி கேட்டாள். தமிழில.

அல்லைப்பிட்டி வீட்டு முற்றத்தில வந்து கத்தின காகங்களைப் பற்றிச் சுபா சொல்லத் துவங்கினா. இவர் தும்புத்தடியோட அப்பிடியே நிண்டார். ரெண்டரைக்கு மற்றப் பிள்ளையளும் ஒவ்வொண்டாய் வந்து, ஒண்டும் விளங்காமல், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துதுகள்.

அண்டைக்கு முதல் பத்து நிமிசமும் வகுப்பெடுத்தது காகம்தான்.