கண்டக்டர் இன்பசேகரனும் தோமா கோச்சும்

நாம் ஆசையோடு வாசலுக்கே போய் வரவேற்ற ஒரு மனிதர், நாம் நினைத்த ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால், பிழை யாருடையது? வந்தவர் எதையும் மறைக்கவில்லை. நினைத்தவர்களும் கெட்ட எண்ணத்தோடு நினைக்கவில்லை. சித்தூர் இன்பசேகரனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. புத்தகங்களில் இதற்குச் சில பதில்கள் உண்டு. அவற்றில் எதுவும் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

அவர் ஆர்.டி.சி. கண்டக்டர். சித்தூர் – திருப்பதி வண்டி. பெரிய குணவான் என்று சொல்ல மாட்டேன். முன்கோபம் உண்டு, நாலு பேர் சிரித்துவிட்டால் தாங்க மாட்டார். ஆனால் குரல் அபூர்வமானது. அவர் "ரைட், ரைட்" என்றால் பக்கத்தில் நிற்கும் வண்டியும் நகர்ந்துவிடும் என்று டிப்போவில் சொல்வார்கள்.

சித்தூர் மிஷன் காம்பவுண்டில், சபையார் ஆராதனை முடிந்து வெளியே வரும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. அவருடைய மகள் கேசியா பந்து பிடிக்கக் கற்றது அங்கேதான். குழந்தையாக இருந்தபோது அது பஸ் விளையாட்டு. அவள் பஸ், அவர் கண்டக்டர். அவர் "ரைட், ரைட்" என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாள். "ஓல்டான்" என்றால் நின்ற இடத்தில் நிற்பாள். அவள் வளர்ந்து திருப்பதியின் சேஷாசலம் மகளிர் அணியில் சேர்ந்தபோது அந்தக் குரலும் கூடவே காலரிக்குப் போனது. மேட்ச் நாட்களில் திருப்பதியில் முடிகிற டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார், சபைக்காரர்கள் அவர் வண்டியிலேயே ஏறித் திருப்பதிக்குப் போவார்கள். கேசியாவின் கையில் பந்து வந்ததும் காலரி முழுவதும் "ரைட், ரைட்" என்று கத்தும். எதிரணி ஓடி வந்தால் "ஓல்டான்". வெளியூர் அணிகளுக்கு இது புரியாது. சித்தூர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை.

லித்துவேனியா என்ற நாட்டிலிருந்து புதிய கோச் வருகிறார் என்ற செய்தி முதலில் மைதானத்துச் சுவரின் மேல்தான் அலசப்பட்டது.

"எங்கடா கீது அந்த ஊரு?" என்றார் இன்பசேகரன்.

"ரஷ்யா பக்கத்துலண்ணே," என்றான் ஸ்டீவன். மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. பாடகர் குழுவில் முதல் வரிசை. "அங்கல்லாம் புள்ளைங்க சோறு துன்றதுக்கு முன்னாடியே பந்து போடக் கத்துக்கும்னு சொல்றாங்க."

"ஆளு பேரு?"

"டோமாஸ்."

இன்பசேகரன் முகம் மலர்ந்துவிட்டது. "தோமா. அப்போஸ்தலர் ரெண்டாவது தபா நம்ம பக்கம் வர்றாரு."

இயேசுவின் சீடர் தோமா ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் வந்தார் என்பது சபையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது. அந்தச் சபை வெள்ளைக்காரரை அறிந்ததெல்லாம் பாதிரியாராக, பாதிரியாரின் மனைவியாக, ஆஸ்பத்திரி நர்ஸம்மாவாக. கடல் தாண்டி வரும் வெள்ளைக்காரர் ஜெபிக்கத் தெரியாதவராக இருக்கக்கூடும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

அணியின் செயலாளர் வெங்கடராகவன், திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தவர். கோச்சை வரவழைத்தவரே அவர்தான். இன்பசேகரனின் வண்டியில் அடிக்கடி பயணம் செய்கிறவர். சபையில் வரவேற்பு என்று கேள்விப்பட்டதும் கேட்டார்:

"ஓய் இன்பசேகரன், ஆளை நான் வரவழைச்சேன். ஞானஸ்நானம் நீர் பண்ணிட்டீராமே?"

"பேரே சொல்லுதே சார்."

"என் பேர்லகூட வேங்கடம் இருக்கு. முழங்கால் வலியில மலை ஏறியே பல வருஷமாச்சு. அவரை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"கேக்கறதுக்கு இன்னா சார் இருக்குது?"

வரவேற்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் நிறைந்திருந்தது. டோமாஸ் உயரமான மனிதர். சலவைச் சட்டை போட்டு, முன் வரிசையில் முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இன்பசேகரன் பொன்னாடை போர்த்தினார். "தேவன் நமக்காக அனுப்பிய மனிதர்" என்று அறிமுகம் செய்தார். பிறகு போதகர், ஐயா தம் விசுவாசத்தைப் பற்றி ஒரு சாட்சி சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மொழிபெயர்க்கக் கேசியா பக்கத்தில் போய் நின்றாள்.

டோமாஸ் எழுந்து நின்றார். அப்புறம் மெதுவாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கேசியா தகப்பனைப் பார்த்தாள். பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். "உங்கள் அன்புக்கு ஸ்தோத்திரம் என்கிறார்" என்று முடித்திருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை.

"எனக்கு விசுவாசம் கிடையாதுன்னு சொல்றாரு. இல்லாத ஒண்ண இருக்குற மாதிரி காட்டி இங்க நின்னு ஜெபம் பண்ணா, அது உங்களுக்குப் பண்ற அவமரியாதைன்றாரு. பந்து சொல்லிக் குடுக்க வந்திருக்கேன், அத ஒழுங்காச் செய்வேன்றாரு."

அந்தப் பீடத்திலிருந்து அதைவிட நேர்மையான பேச்சு அடிக்கடி வருவதில்லை. ஆனால் அதற்கு ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போதகர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஸ்டீவன் கேட்டான்: "அண்ணே, அப்போஸ்தலர ரிட்டர்ன் டிக்கெட்டோட கூட்டினு வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்பசேகரன் சிரிக்கவில்லை. அன்று மதியம் கோச்சுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. மனைவி தபிதா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். டோமாஸ் பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு காம்பவுண்டு கேட்டின் பக்கத்தில் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். இன்பசேகரன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் சின்ன கேட் வழியாக வீட்டுக்குப் போனார். பாடகர் குழுவின் அங்கிகளை மடித்து வைத்துவிட்டுக் கேசியா வெளியே வந்தபோது, கோச் ஷேர் ஆட்டோ ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். பிரியாணி இரவு வரை பாத்திரத்தில் இருந்தது. இந்த மதியத்தைப் பற்றித் தபிதா பின்னாளில் சொன்னது ஒரே வாக்கியம்: "அவரு சாமி கும்புடாதவருன்னா பசியும் எடுக்காதா?"

மேட்ச்கள் தொடங்கின. டோமாஸ் பழைய ஆட்டத்தை முழுவதுமாகக் கலைத்துப் புதிதாகக் கட்டினார். புதிதாகக் கட்டும்போது முதலில் விழத்தான் செய்யும், அணி தோற்றது. கேசியாதான் பந்தை மேலே கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவள். வேகத்தை அவள் காதால் அல்ல, கண்ணால் முடிவு செய்ய வேண்டும், அவள் கையில் பந்து இருக்கும்போது காலரி கொஞ்சம் அமைதியாக இருந்தால் நல்லது என்று கோச் கேட்டுக்கொண்டார். அதை வீட்டில் சொல்ல வேண்டிய பொறுப்பும் கேசியாவுக்கே வந்தது.

"ஜெபமும் வேணாம், சத்தமும் வேணாமா அவுருக்கு?"

"நைனா, உன்னச் சொல்லல அவரு."

"அங்க வேற யாரு கத்திக்கினு இருக்காங்க?"

"ரெண்டு பேரும் துன்னுட்டு சண்ட போடுங்க," என்றாள் தபிதா.

கேசியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சீசன் முடிஞ்சதும் அவங்க ஊர்ல இருக்குற கிளப்ல எனக்குப் பயிற்சி ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்காரு. அவரு ஆடுன கிளப்பு. ஆட்டத்த இவ்ளோ தூரம் முன்னாடியே பாக்கத் தெரிஞ்ச பொண்ணு அங்கயே கம்மின்றாரு நைனா."

இன்பசேகரன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மகளைப் பற்றிய நல்ல வார்த்தையைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அது யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் உறுத்தியிருக்கும்.

காலரி அமைதியாகவில்லை, வேறு மாதிரி ஆனது. "ரைட், ரைட்" நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, கோச் ஏதாவது சொல்ல பெஞ்சிலிருந்து எழும்போதெல்லாம் சித்தூர்க் கூட்டம் "ஓல்டான்" என்று கத்தத் தொடங்கியது. அவர் எழுவார், "ஓல்டான்." கையை உயர்த்துவார்; "ஓல்டான்." திருப்பதி ஜனங்களுக்கும் அது வேடிக்கையாக இருந்தது. டோமாஸுக்கு அர்த்தம் தெரியாது. முதலில் அது தன்னை உற்சாகப்படுத்தும் கோஷம் என்று எண்ணி, காலரியைப் பார்த்து ஒருமுறை தலைகூட வணங்கினார். வெங்கடராகவன் தலையில் அடித்துக்கொண்டார்.

நெல்லூர் அணியோடு நடந்த ஆட்டத்தில் டோமாஸ் கட்டிய ஆட்டம் முதல்முறையாக நிலைத்து நின்றது. ஐந்து பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து ஆடினார்கள். முடிய இன்னும் சில நொடிகள். சேஷாசலம் ஒரு புள்ளி முன்னால். கேசியா பந்தை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தாள். வழக்கமாக அவள் கையில் பந்து இருக்கும்போது எழாத டோமாஸ் அந்த நேரம் எழுந்தார்.

ஸ்டீவன் இன்பசேகரனின் தோளை இடித்தான். "எழுந்துட்டான் பாருண்ணே. போடு."

இன்பசேகரன் கோச்சைப் பார்த்துத்தான் கத்தினார். மகளைப் பார்த்து அல்ல. இதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் குரலுக்கு, யாரைப் பார்த்துப் புறப்பட்டோம் என்பது தெரியாது.

"ஓல்டான்!"

கேசியாவின் கால்கள் நின்றுவிட்டன. யோசித்து நின்றவை அல்ல. நடக்கப் பழகிய காலத்திலிருந்தே அந்தக் குரலுக்கு நிற்கப் பழகிய கால்கள் அவை. நெல்லூர்ப் பெண் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். மணி அடித்தது.

கேசியா பந்து போன திசையைப் பார்க்கவில்லை. கோச்சையும் பார்க்கவில்லை. காலரியைப் பார்த்தாள்.

தான் எழுந்தது அவளைக் குழப்பிவிட்டது, தவறு தன்னுடையது என்று டோமாஸ் அணி நிர்வாகத்திடம் சொன்னார். உண்மையிலேயே அப்படித்தான் எண்ணினாரா, அல்லது அதற்குள் அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று வெங்கடராகவனாலும் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த ஆட்டங்களுக்குச் சித்தூர்க் கூட்டம் போகவே இல்லை. காலி காலரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அணியின் புரவலர், ஓட்டல்காரர் ராம்ப்ரசாத், சீசன் நடுவிலேயே கோச்சை அனுப்பிவிட்டார்.

"பொன்னாடையை மடிச்சுப் பெட்டியில மேலாக வெச்சார் ஓய்," என்று வெங்கடராகவன் வண்டியில் சொன்னார். "நான் பார்த்தேன். ஒரு வார்த்தை குறையாப் பேசலை."

இன்பசேகரன் டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு மத்தியானம் அவுரு எங்க சாப்ட்டாரு சார்?" என்று கேட்டார். எந்த மத்தியானம் என்று வெங்கடராகவனுக்குப் புரியவில்லை. இன்பசேகரன் விளக்காமல் பின்படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

கோச் போனதோடு கேசியாவின் வெளிநாட்டுப் பயிற்சியும் போயிற்று. பரிந்து பேச ஆள் இல்லாதபோது தூரதேசத்துக் கிளப்புக்கு அவள் வெறும் பெயர்தான். வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. தகப்பனுக்கு அது தண்டனையை விடக் கடினமாக இருந்திருக்க வேண்டும். அவள் தொடர்ந்து ஆடினாள். ஆனால் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும் முன் ஒரு கணம் தயங்கினாள். கண் மேலே காலரிப் பக்கம் போய்விட்டு வரும்.

அடுத்த சீசனுக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கோச் வந்தார். நல்ல விசுவாசி, நன்றாக ஜெபிப்பார். காலரி திரும்ப நிறைந்தது. அவரை அறிமுகம் செய்து பொன்னாடை போர்த்த வேண்டும் என்று சபைக் கமிட்டி இன்பசேகரனைக் கேட்டது. அவர் வரவில்லை. ஸ்டீவன் போர்த்தினான்.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் சீனியாரிட்டிப்படி ரூட்டு கேட்க இன்பசேகரன் முறை வந்தது. அவருக்குச் சித்தூரை ஒட்டிய காணிப்பாக்கம் வண்டி கிடைத்திருக்கும். சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்; மேட்ச்சுக்கும் போகலாம். எல்லாரும் கேட்டுத் தவம் கிடக்கும் ரூட்டு. அவரோ தொலைவில் இருக்கும் சத்தியவேடு டிப்போவுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்தார். வரதய்யபாளையம் வண்டி. வாரம் முழுவதும் அங்கேயே ஒரு அறையில் தங்க வேண்டும். காணிப்பாக்கம் தருகிறேன் என்றால் ஓடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அதிகாரி தெலுங்கில் சொல்லிச் சிரித்தாராம்.

அந்த வண்டியில் அவர் குரல் கொடுப்பதில்லை என்று சொல்கிறார்கள். புறப்படவும் நிறுத்தவும் மணிக் கயிறு மட்டும்தான்.

இது மகளுக்குச் செய்த பரிகாரமா, மகளின் பார்வையிலிருந்து தப்பித்ததா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. அவர் முகத்தில் பதில் இல்லை. ஏன் அங்கே போனாய் என்று ஸ்டீவன் போனில் கேட்டபோது, "ஜனங்க நல்லவங்கடா இங்க," என்றாராம்.

போன மாதம் கேசியா கூப்பிட்டாள். அவள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது.

"நைனா, சனிக்கிழமை ஃபைனல். வர்றியா?"

"டூட்டி கீதும்மா."

"நீ கத்த வேணாம். சும்மா வந்து உக்காரு."

"டூட்டிம்மா."

அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். இறுதி ஆட்டச் செய்தி கேட்டு, அவள் கூப்பிடுவதற்கு முந்தின நாளே அதை இன்னொரு கண்டக்டர் ஜெகநாதனுக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் இன்பசேகரன்தான்.