பிக்கப்பின் பின்பக்கத்துக்கு ஒரு படி

ஈர டயரில் வெறுங்கால் வழுக்கினால் ஒரு சத்தம் வரும். கீச்சென்று, சின்னதாக. அதற்கப்புறம்தான் ‘ஐயோ’ கேட்கும்.

லைசென்ஸ் எடுத்த புதிதில் ஒரு மிளகுத் தோட்டத்து பிக்கப் ஓட்டினேன். முதலாளி அடிவாரத்துக்காரர். தோட்டம் கொல்லிமலையில், வீடு கீழே. காலையில் குண்டனி நாட்டுப் பக்கம் போய், வேலைக்கு வரும் பெண்களை ஏற்றித் தோட்டத்தில் இறக்க வேண்டும். எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள். எனக்கு அக்காவும் சின்னம்மாவும்.

பின் டயரில் ஒரு கால், வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்து ஒரு உந்து, சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே ஒரு தாவல்... அப்படித்தான் ஏறுவார்கள். விழுந்தாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பழனியக்கா விழுந்த அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முட்டி பிசகிவிட்டது.

புருஷன் இல்லாத மனுஷி. அந்தக் கூலியில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டு அவிழ்க்கும் முன்பே வேலைக்கு வந்துவிட்டார். மேலே இருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். ஏறியதும் என் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டு எனக்குக் கொடுப்பார்.

முதலாளி ஒருநாள் இதைப் பார்த்தார்.

“ஏற முடியாதவங்க எல்லாம் எதுக்கு வேலைக்கு வாராங்க? ஊட்டுல இருக்கச் சொல்லு.”

“ஏனுங்க, ஒரு படி போட்டுட்டா ஏறிக்குவாங்கல்லீங்க.”

அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இதையே சொல்லி நச்சரித்தேன். கடைசியில், “சரிப்பா, போட்டுடலாம்” என்றார். அவரே வண்டியை எடுத்துக்கொண்டு நாமக்கல் போனார்.

திரும்பி வந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

பளபளவென்று இரண்டு சைடு ஸ்டெப். முன் கதவுகளுக்குக் கீழே! இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கோயிலில் பூஜை போட்டு, ஸ்டெப்பின் மேலேயே சந்தனம், குங்குமம்.

“பாத்தியா... கேட்டியே, போட்டாச்சு.”

முன்னால் உட்காருவது அவரும் நானும். எங்கள் காலுக்கு என்ன கேடு?

“பொம்பளைங்க ஏறறதுக்குத்தானுங்க கேட்டேன்.”

“பின்னாடி போட்டா வண்டி பாக்க நல்லாவா இருக்கும்?”

பெண்கள் விழுவது மட்டும் பார்க்க நன்றாக இருந்ததா? கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் செம்மேட்டு வெல்டிங் பட்டறைக்கு வண்டியை விட்டேன். டிரைவர் பக்கத்து ஸ்டெப்பைக் கழற்றி, பின் டயருக்கு முன்னால், பலகைக்குக் கீழே வைத்து முடுக்கச் சொன்னேன். முழு பலத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. கையால்தான் அழுத்தினேன், காலால் அல்ல. ஏன் என்று அப்போது எனக்கே உறைக்கவில்லை.

காலையில் பலகையை இறக்கிவிட்டு, “அக்கா, ஏறுங்க” என்றேன்.

பழனியக்கா படியைப் பார்த்தார். காலைத் தூக்கினார்... படியைத் தாண்டி டயரில் வைத்தார்! அந்த முட்டியை வைத்துக்கொண்டு!

“ஏக்கா, அப்புறம் படி எதுக்குப் போட்டுருக்குது?” என்று கத்தினேன்.

“பொட்டு வெச்சிருக்குதே சாமி... அதுல எப்படிக் கால வெக்கறது?”

மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. துடைத்துத் தொலைக்கலாம் என்று துணியை எடுத்தேன்.

“பூஜை போட்டத அப்படித் தொடைக்காத கண்ணு” என்று தடுத்தார் பழனியக்கா. தூக்குப்போசித் தண்ணீரை ஊற்றி அவரே மெதுவாகக் கழுவினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு காலை வைத்தார். ஏறிவிட்டார். யாரும் கை கொடுக்கவில்லை.

“நோவுல கண்ணு. கொஞ்சங்கூட நோவுல.”

அதன் பிறகு தினமும் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். எனக்கு அதுவும் கோபம். நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஒரு துண்டு இரும்புக்கு எதற்கு இத்தனை கும்பிடு?

வாரம்கூட முடியவில்லை, முதலாளி மலையேறி வந்தார்.

“என்னடா இது, ஒரு பக்கம் மொட்டையா நிக்குது? கழட்டி முன்னாடி மாட்டு.”

“பழனியக்கா எப்படீங்க ஏறுவாங்க?”

“ஏறறவங்க வரட்டும்.”

என் கையால் கழற்ற மாட்டேன் என்றேன். சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு ஊருக்கு நடந்தேன். வேறு யாரோ கழற்றினார்கள். பழனியக்கா வேலைக்குப் போவது அதோடு நின்றது. அவருடைய மூத்த மகள் படிப்பை விட்டுவிட்டு, அதே வண்டியில், அதே டயரில் கால் வைத்து ஏறிப் போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது நான் சேலத்தில் சொந்த வேன் ஓட்டுகிறேன். அந்தக் காலம் திரும்ப வர வேண்டுமென்று சொல்ல மாட்டேன். பழனியக்கா நோவில்லாமல் ஏறிய அந்தச் சில நாள் மட்டும் திரும்பினால் போதும்...

போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். ரோடு நன்றாக இருக்கிறது. அன்றைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பிக்கப், இன்றைக்கு ஊருக்கு ஊர். கலர் லைட் என்ன, ஏர் ஹாரன் என்ன! முன் கதவுக்குக் கீழே மின்னுகிற சைடு ஸ்டெப் இல்லாத வண்டியே இல்லை.

சோளக்காட்டுச் சந்தையில் ஒரு புது வண்டி நின்றது. பின்னால் பெண்கள் டயரில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தம்பியிடம் போய், “பின்னாடி ஒரு படி போடக்கூடாதா தம்பி?” என்று கேட்டேன்.

அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

“பின்னாடி எதுக்குங்ணா? அங்க லோடுதானுங்க ஏறுது.”