சிராஜ் நீட்டிய மஞ்சள் கொடி

பந்து உதைத்துச் சம்பளம் வாங்கிய ஆள் என்று எனக்குத் தெரிந்தது சிராஜ் ஒருவன்தான். காயல்பட்டினத்துக்காரன். பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு கிளப் அவனை மாதச் சம்பளத்துக்கு எடுத்தது. ஆறு வருடம் ஆடினான். முழங்கால் போனதும் கழற்றி விட்டார்கள்.

பிறகு மெஹர் நிஷாவைக் கட்டினான். அவளுக்கு நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனி வேலை. டிபெண்டன்ட் விசாவில் இவனும் வந்தான். வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்டில் சோறாக்கி, துணி மடித்து, ஏழு வருடம் ஓட்டினான்.

ஐசலினில் மளிகைக் கடை வரிசையில் நின்றவனை எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமுக்குக் கூட்டிவந்தது செல்வராஜ். அதாவது நான். டீமை ஆரம்பித்தவனும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு சீசன் ஆடினான். அதே முழங்கால் வீங்கியது. "மேனேஜரா இருந்துக்கோ" என்று நானே சொன்னேன். மறுவாரமே ஆள் மாறிப்போனான்.

எங்கள் லீக்கில் ஒவ்வொரு டீமும் கோட்டோரம் நின்று கொடி காட்ட ஒரு லைன்ஸ்மேன் தர வேண்டும். சிராஜின் பழைய கிளப்பில் ஒரு வழக்கம் இருந்ததாம். ஆட்டக்காரனாக யாருடைய கதை முடிந்ததோ, அவன் கையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கொடியைக் கொடுப்பார். பேச்சே இருக்காது. சிராஜ் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தான். முதல் கொடி எனக்கு.

என் மனைவி வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா?" என்றேன்.

"கால் போயிடுச்சுண்ணே. டீம் வின் பண்ணணுமா, வேணாமா?"

கொடியை வாங்கிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றேன். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? அவன் வந்தபின் டீம் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொய் எதற்கு. ஃபைனல் வரை போனோம். அதில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம்.

அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தேன். சிராஜ் அவுட். புது மேனேஜர் ஃபைஸ், மெஹர் நிஷாவின் தம்பி. அவனுக்குப் பந்தை நிறுத்தவே சிராஜ்தான் கற்றுக்கொடுத்தான்.

சிராஜ் ஒன்றுதான் கேட்டான். "மேனேஜர் எல்லாம் வேணாம் ஃபைஸ். ஃபைனல் வந்தா பத்து நிமிஷம் எறக்கி விடு."

அடுத்த வருடமும் ஃபைனல் வந்தது. சிராஜ் முழங்காலில் பட்டை கட்டி, ஷூவைத் துடைத்து, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். ஃபைஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் கையில் கொடியைக் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லா வேணும்டா என்று நினைத்தேன்.

கடைசி நிமிடத்தில் ஃபைஸ் கோல் அடித்தான். சிராஜின் கொடி மேலே போனது. ஆஃப்சைட். ரெஃப்ரி கோலை ரத்து செய்தார். பெனால்ட்டியில் தோற்றோம்.

பதினொரு பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "எறக்கி விடலைன்னு கடுப்புல தூக்கிட்டீங்கல்ல மச்சான்? வெக்கமா இல்ல?" என்று ஃபைஸ் கத்தினான்.

சிராஜ் என் பக்கம் திரும்பினான். அவனுக்கு நேர் பின்னால் மடக்கு நாற்காலியில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"அண்ணே, நீங்க பார்த்தீங்க. சொல்லுங்கண்ணே."

பார்த்தேன். பந்து வரும்போதே ஃபைஸ் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி இரண்டடி முன்னால் நின்றான். குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"ஆஃப்சைடே இல்லப்பா," என்றேன்.

யாரோ அவன் முதுகில் தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். கொடியை மெதுவாகக் கம்பில் சுற்றினான். எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசாமல் நொண்டிக்கொண்டே காருக்குப் போனான்.