பதினேழு முறை செத்த சந்தியோகு

சந்தியோகு கதாநாயகனைப் பார்ப்பதில்லை. வெள்ளைக் குதிரை பாய்ந்து வரும்போது கொட்டகை முழுவதும் விசிலடிக்கும். முன்வரிசை வாங்குப் பலகையில் இருக்கும் இவர் மட்டும் கழுத்தை நீட்டி, குதிரைக்குப் பின்னால் திரையின் மூலையில் ஓடுகிற கூட்டத்தைப் பார்ப்பார். ஈட்டிக்காரர், தலைப்பாகைக்காரர், சுமை தூக்குகிறவர் என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார். "உவன் மெக்சிக்கோக்காரன். அங்காலை நிக்கிறவன் நல்லாச் சமைப்பான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். பக்கத்திலிருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

ஐந்து வருடமாக இது நடந்து வந்தது. யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் பேசும் படம் காட்டும் இயந்திரம் கிடையாது. உலகமெல்லாம் ஓடித் தேய்ந்த அமெரிக்க ஊமைப் படங்கள் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். வெள்ளிக்கிழமை படம் மாறும். பகற்காட்சிக்குச் சந்தியோகு வருவார்.

வயது முப்பத்தெட்டு. குருநகர்க் கரையில் மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பது தொழில். அடுப்பு எரியாத நாளிலும் முகம் மழித்திருப்பார். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். வலை பொத்தும்போது எல்லோரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். இவர் முகத்தைக் காட்டி உட்காருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் ஆண்டில் கொழும்பிலிருந்து கப்பலில் கரி தள்ளப் போனவர், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கித் திரும்பாமல் நின்றுவிட்டார். எலுமிச்சந் தோட்டத்தில் பழம் பறித்தார். ஒருநாள் தெருமுனையில் ஒரு லொறி வந்து நின்று, கறுத்த ஆட்களைப் படம் பிடிக்கும் இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஏறியவர்களில் இவரும் ஒருவர். அரபிக்காரன், மலாய்க்காரன், கடற்கொள்ளைக்காரன், யானைப்பாகன் என்று எல்லாமாகவும் நின்றிருக்கிறார். "என்ரை கறுப்புக் காணாதெண்டு அதுக்கு மேலையும் மை பூசினவங்கள்" என்கிறார். அநேகமாக முதல் சண்டையிலேயே செத்துவிடுவார். "பதினேழு தரம் செத்தனான். எண்ணி வைச்சிருக்கிறன்."

மீன் சந்தையில் இது பெரிய பகிடி. "சந்தியோகு அண்ணை, ஒருக்காச் செத்துக் காட்டுங்கோவன்" என்று ஒரு பீடியை நீட்டுவார்கள். அவர் பகிடியாக எடுத்துக்கொள்வதில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "வெடி பட்டவுடனை நெஞ்சைப் பிடிக்கக் கூடாது. அது நாடகக்காரன்ரை வேலை. முதல்லை கண் போகவேணும். பிறகு முழங்கால்" என்று சொல்லி, மீன் செதிள் கிடக்கும் நிலத்தில் அப்படியே சரிவார். சனம் சிரிக்கும். "மறியலிலை உதெல்லாம் பழக்கிறவங்களோ?" என்று யாராவது கேட்பார்கள்.

அவர் சிறையில் கிடந்தார் என்ற அந்த மறியல் கதை அவருடைய மனைவி கத்தரீனாவினது. புருசன் போய் இரண்டு வருடமாகியும் கடிதம் இல்லை. கப்பலை விட்டு ஓடினவரைப் பிடித்து மறியலில் போட்டுவிட்டார்கள் என்று கத்தரீனா முடிவு செய்தார். கோயிலிலும் கிணற்றடியிலும் அப்படியே சொன்னார். நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்தினார். ஒன்பதாம் வருடம் அமெரிக்காக்காரன் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப, சந்தியோகு வாசலில் வந்து நின்றபோது, "எவ்வளவு கஷ்டப்பட்டுப் போனியள்" என்று மட்டும் சொல்லிச் சோறு போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பயஸ்கோப்புக் கதையைத் தொடங்கும்போதெல்லாம், "சரி, அதை விடுங்கோ, மறந்துபோடுங்கோ" என்பார், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல.

போகும்போது ஒரு வயதாயிருந்த மகன், ஆறாவது வயதில் நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனான். வந்த அன்றுதான் சந்தியோகுவுக்கு அது தெரிந்தது. ஏன் கடிதம் போடவில்லை என்று கேட்டால் வலையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார்: "முதல் வருசம் நேரமில்லை. பிறகு வெட்கமாப் போச்சு."

மனைவி தன்னை நம்பவேண்டும். அவர் தேடியதெல்லாம் அதற்காகத்தான். ஒரேயொரு படத்தில் அவர் சாகவில்லை. பாலைவனத்தில் தாகத்தால் விழுந்து கிடக்கும் கதாநாயகனுக்குத் தோற்பையிலிருந்து தண்ணீர் வார்ப்பார். கதாநாயகன் எழுந்து தோளில் கை வைப்பான். "அப்ப என்ரை முகம் சுளகளவு வரும்" என்று கைகளை முறமளவு விரித்துக் காட்டுவார். நாள் முழுக்க எடுத்தார்களாம். வெள்ளைக்காரன் முப்பது தரம் குடித்து ஓங்காளித்தான். இவருக்கு மாலைவரை ஒரு சொட்டுக் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தைக் கண்டு சந்தியோகு நின்றுவிட்டார். மெசின் ஓட்டும் பிலிப்புவைக் கூப்பிட்டு, "உந்தக் கூடாரத்தை நானும் சேர்ந்து அடிச்சனான், தம்பி" என்றார். பிலிப்பு, "ஓம் அண்ணை, ஓம்" என்றான். வீட்டுக்குப் போய், "ஒருக்கா வா. பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்று கத்தரீனாவிடம் கெஞ்சினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தரீனா படம் பார்க்க வந்து, சாக்குத் திரை கட்டிய பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நாலாவது றீலில் அந்த முகம் வந்தது. சுளகளவுதான். கொழுத்து, மினுங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. ஒருவன், "டேய், எங்கடை சந்தியோகு அண்ணையடா" என்றான். தகரம் அதிர்ந்தது. "மறியலெண்ட வாயளைப் பொத்துங்கோடா" என்று யாரோ கத்தினார்கள். சந்தியோகு எழுந்து பெண்கள் பக்கம் திரும்பி நின்றார். மீதிப் படத்தை அவர் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் கத்தரீனா நேரே மெசின் அறை வாசலுக்குப் போனார். "தம்பி, உது எந்த வருசம் பிடிச்சது?"

பிலிப்பு றீல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "இருபத்தஞ்சு, அக்கா."

"அந்த வருசம்தான் பெடியன் போனவன்" என்றார் கத்தரீனா. குரல் உயரவில்லை. "அப்பா எங்கை எண்டு கேட்டுக் கேட்டுக் கிடந்தவன். மறியலிலை, கதவு பூட்டியிருக்கு, வரேலாது எண்டு நான்தான் சொன்னனான். அதைக் கேட்டுப்போட்டுத்தான் கண்ணை மூடினவன். அங்கை ஒரு கதவும் பூட்டிக் கிடக்கேல்லை."

சந்தியோகு பின்னால் வந்து நின்றிருந்தார். "அது நடிப்பு, கத்தரீனா. சிரிக்கச் சொன்னவங்கள்."

"ஓம். வடிவாச் சிரிச்சிருக்கிறியள்."

அதுதான் கத்தரீனா அவரோடு பேசிய கடைசிப் பேச்சு. சோறு மூன்று நேரமும் வருகிறது. சோற்றுக் கோப்பை நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்கிறது. வேறு சத்தம் இல்லை. ஊரில் இப்போது அவரை யாரும் சாகச் சொல்வதில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அந்த வெள்ளைக்காரன் எப்படிப்பட்டவன் என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கொட்டகை முதலாளி 'நமது குருநகர் சந்தியோகு தோன்றும் படம்' என்று நோட்டீசு அடித்து இரண்டாம் வாரமும் ஓட்டினார். சாவகச்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, காட்சி தொடங்குமுன் அவர் மெசின் அறைக்குப் போனார். "உந்தத் துண்டை வெட்டிப்போடு, தம்பி."

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்?" என்றான் பிலிப்பு. "உதுக்குத்தானே சனம் வருது."

அவர் வழக்கமான முன்வாங்கை விட்டு, மெசின் வெளிச்சம் வரும் ஓட்டைக்குக் கீழே கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். நாலாவது றீலில் மணல் வந்தது, தோற்பை வந்தது. கதாநாயகன் எழுந்து கையை நீட்டினான். சந்தியோகு வாங்கின்மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்து வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்தார். திரையில் சிரிப்பு இருக்கவேண்டிய இடத்தில் பத்துக் கறுத்த விரல்கள். "இரும் ஐயா, இரும், முகம் தெரியேல்லை" என்று கொட்டகை கத்தியது. அவர் கைகளை இறக்கவில்லை.