மூன்றாவது பொட்டலம்

செவ்வரளியைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூ என்ன செய்யும், பாவம்! செய்தவர்கள் வேறு.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலம். அக்கா சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்து, பள்ளி இறுதி வகுப்பில் முதலாவதாகத் தேறியிருந்தாள். சென்னையில் பெண்கள் கல்லூரியில் சேர வேண்டும், பிறகு டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. மாகாணம் முழுவதிலிருந்தும் பெண்கள் முட்டி மோதும் இடம் அது. “அங்கே இடம் குதிரைக்கொம்புதான். ஆனால் உன் மார்க்குக்குக் கிடைக்கும்” என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா அவர் எதிரில் வாய் திறக்க மாட்டார்.

“கெடைக்காத எடத்துக்கு எழுதிப் போட்டு எதுக்கு ஊரு சிரிக்கோணும்? கெடைக்குமான்னு அம்மனயே கேட்டுப்போடலாம்” என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பூக் கேட்பதுண்டு. வெள்ளரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் பொதிந்து அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் காரியம் நடக்கும், சிவப்பு வந்தால் நடக்காது. வீட்டில் சின்னவள் நான் என்பதால் என்னைக் கூட்டிப் போனார்கள்.

எடுத்தேன். வெள்ளை! அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“புள்ள ரெண்டயும் தொட்டுப்போட்டு எடுத்துச்சு. செல்லாது.”

மறுபடி எடுத்தேன். மறுபடியும் வெள்ளை. இந்தத் தடவை பூசாரி மணியடிக்க மறந்துவிட்டாராம்.

“அம்மன் ரெண்டு தரம் சொல்லீட்டாளுங்க பெரியப்பா” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு அம்மிணி. சாமி காரியத்துல கொறை இருக்கப்படாது.”

மூன்றாம் தரம் மணி கணகணவென்று அடித்தது. சிவப்பு வந்தது. அதில் மட்டும் யார் கண்ணுக்கும் ஒரு குறையும் படவில்லை. பெரியப்பா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். “இன்னொருக்கா எடுக்கட்டுங்களா?” என்று நான் கையை நீட்டினேன். முதுகில் ஒன்று விழுந்தது.

விண்ணப்பம் போகவே இல்லை. அந்தக் கல்லூரி அக்காவை வேண்டாமென்று சொல்லவில்லை. இப்படி ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது.

எனக்கு அம்மன் மேல் அப்படி ஒரு கோபம். வாக்கு மாறியவள் கையால் திருநீறு எதற்கு என்று கோயில் பக்கமே போக மறுத்தேன். அதற்கும் அடி வாங்கினேன்.

அடுத்த வருஷம் அண்ணனின் முறை. கணக்கில் ஒருமுறை கோட்டை விட்டு, மறுமுறை தட்டுத் தடுமாறித் தேறியவன். அவன் சென்னையில் ஓர் ஆண்கள் கல்லூரிக்கு எழுதிப் போட்டான். பெரியப்பா பெரிய மனிதர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி அவனுக்கு இடம் வாங்கிவிட்டார். சேலம் ஜங்ஷனில் வழியனுப்ப எல்லோரும் போயிருந்தோம். அக்காவும் வந்திருந்தாள். ரயில் நகர்ந்தபோது அவள் ரயிலைப் பார்க்கவில்லை, பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குதித்துக் குதித்துக் கையாட்டினேன். அண்ணன் விஷயத்திலாவது அந்தப் பொல்லாத அம்மனிடம் போய்க் கேட்காமல் இருந்தார்களே, பெரியவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.